ஆறிப்போன லாவாவைப் படிப்பது எப்படி? களத்தில் வரிசையாகப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

லாவா வெளியில் முதல்முறை கால்வைப்பவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்கிறார்கள். கண்ணில் படும் முதல் கயிற்று மடிப்பின் அருகே குனிந்துவிடுவார்கள். நாலைந்து படம் எடுப்பார்கள். அப்புறம் அடுத்த மடிப்பு. மாலையில் "இந்த எரிமலைக் குழம்பு எந்தப் பக்கமிருந்து வந்தது?" என்று கேட்டால் பதில் இருக்காது. எடுத்த படங்களைப் புரட்டினாலும் தெரியாது.

அவர்கள் பார்க்கும் வரிசை தலைகீழாக இருப்பதுதான் காரணம். ஆறிய லாவாவில் உள்ள எந்த வடிவத்தையும் இரண்டு கேள்விகளை வைத்துப் படிக்கலாம். குழம்பு எந்தப் பக்கம் நகர்ந்தது? வெப்பம் எந்தப் பக்கமாக வெளியேறியது? இந்த இரண்டுக்கும் விடை கிடைத்த பிறகு பெயர் தானாக வரும். பெயரை முதலில் வைத்துவிட்டால் கண் அதற்கு மேல் தேடாது. அதனால் கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள்.

## 1. இளைய லாவாவா, வயதான லாவாவா என்று முதலில் முடிவு செய்யுங்கள்

இதைக் கிளம்பும் முன்பே தீர்மானிக்க வேண்டும், ஏனெனில் இரண்டிலும் தெரிவது வேறு வேறு.

சில பத்தாண்டுகள் முதல் சில ஆயிரம் ஆண்டுகள் வரை வயதுள்ள லாவாவில் மேற்பரப்பு பெரும்பாலும் அப்படியே இருக்கும். மடிப்பு, மேடு, பிளவு எல்லாம் தெரியும். ஹவாயின் கிலாவேயா, மௌனா லோவா சரிவுகள், ஐஸ்லாந்தின் ரெய்க்யானெஸ் தீபகற்பம், இத்தாலியின் எட்னா, அமெரிக்காவின் ஐடஹோவில் உள்ள கிரேட்டர்ஸ் ஆஃப் தி மூன் ஆகியவை இந்த வகை.

கோடிக்கணக்கான ஆண்டு வயதுள்ள லாவாவில் மேல்தோல் என்றோ அரித்துப் போயிருக்கும். ஆனால் உள்பக்கம் வெட்டி வைத்தது போலத் தெரியும்: தூண்கள், குமிழித் துளைகள், ஓர் ஓட்டத்தின் மேல் இன்னோர் ஓட்டம். வட அயர்லாந்தின் ஜயன்ட்ஸ் காஸ்வேயும், சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் குவிந்த தக்காண லாவாவின் படிப்படியான மலைச்சரிவுகளும் அப்படிப்பட்டவை.

புதியவர்கள் இளைய லாவாவில் தொடங்குவது நல்லது. முழு மேற்பரப்பையும் ஒருமுறை பார்த்த கண்ணுக்குத்தான், பழைய பாறையின் வெட்டுமுகத்தில் மிச்சமிருக்கும் துண்டு எதன் மிச்சம் என்று புரியும். நேராகத் தூண்பாறைக்குப் போனவர்கள் அதை லாவாவோடு சேர்த்துப் பார்க்கவே சிரமப்படுவதைப் பார்க்கிறேன். அவர்களுக்கு அது தனியான ஓர் அதிசயமாகவே நின்றுவிடுகிறது.

## 2. அனுமதி, கருவிகள், கைகால் பாதுகாப்பு

இடத்தின் நிர்வாகம் அன்றைய நாளுக்கு எந்தப் பகுதியை மூடியிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போங்கள். குழம்பு ஓடி நின்று சில மாதங்களே ஆன பகுதிக்குப் போகவே வேண்டாம். மேலே ஆறியிருந்தாலும் உள்ளே வெப்பம் நீண்ட காலம் தங்கும். வாயுவும் கசியும். பாதுகாக்கப்பட்ட இடங்களில் கல் எடுக்கவும் உடைக்கவும் தடை உண்டு. சுத்தியல் தேவையும் இல்லை, இயற்கையாக உடைந்த முகங்கள் எங்கும் கிடைக்கும்.

தடித்த அடிப்பாகமுள்ள கணுக்கால் உயரக் காலணி, முழுக்கால் உடை, தோல் கையுறை ஆகியவை கட்டாயம். லாவாவின் மேல்தோல் கண்ணாடி. தடுமாறி ஒருமுறை கை ஊன்றினால் உள்ளங்கை கிழிந்துவிடும். கையுறையைப் பையில் வைத்துக்கொண்டு நடப்பவர்களுக்குத்தான் காயம் அதிகம்.

பார்ப்பதற்கு: 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், மில்லிமீட்டர் கோடுள்ள அளவுகோல், நோட்டு, பென்சில், திசைகாட்டி.

திசைகாட்டி விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. பசால்ட் எனப்படும் கருநிற லாவாப் பாறையில் காந்தத்தன்மை கொண்ட இரும்புத் தாதுக்கள் உண்டு. முள்ளைப் பாறையின் மேலேயே வைத்தால் விலகிப் போகும். மின்னல் தாக்கிய இடமென்றால் விலகல் இன்னும் மோசம். மார்பு உயரத்தில் பிடியுங்கள், சில அடி தள்ளி நின்று இன்னொரு முறை பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் வரைபடத்தையும் சூரியனையும் நம்புங்கள். கைபேசியில் உள்ள திசைகாட்டியும் காந்தப்புலத்தைத்தான் அளக்கிறது, அதற்கும் இதே தொல்லை உண்டு.

நேரம்: காலையின் முதல் சில மணி, இல்லையேல் மாலை. வெயில் சாய்வாக விழும்போது விரலளவு மடிப்புக்குக்கூட நிழல் விழும். நண்பகலில் அதே தரை வெறும் கறுப்பாகத் தெரியும்.

## 3. தூரத்தில் நின்று தொடங்குங்கள்

கால்மணி நேரமாவது ஓர் உயரமான இடத்தில் நில்லுங்கள். செயற்கைக்கோள் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்த நான்கையும் நோட்டில் வரையுங்கள்: எரிமலை வாய் இருக்கும் பக்கம், தரையின் சரிவு, லாவாவின் ஓரங்கள், நிறம் மாறும் எல்லைகள்.

வாயும் சரிவும் தெரிந்துவிட்டால் ஓட்டத்தின் பொதுத்திசை கிடைத்துவிடும். அருகில் போய்ப் பார்க்கும் ஒவ்வொரு அடையாளத்தையும் இந்தப் பொதுத்திசையோடு ஒப்பிட்டுத்தான் நம்பவோ சந்தேகப்படவோ முடியும்.

ஓரங்களைப் பாருங்கள். பல மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தாக, இடிந்து சரிந்த குவியல் போல முடிகிறதா? தாழ்ந்த, உருண்ட மடல்களாகத் தரையோடு படிந்து முடிகிறதா? முதலாவது கெட்டியான முரட்டு ஓட்டம், இரண்டாவது இளகிய ஓட்டம். நடுவில் நீளமான பள்ளமும் இரு பக்கமும் கரை கட்டியது போன்ற மேடும் தெரிந்தால், அது குழம்பு ஆறாக ஓடி வடிந்த வாய்க்கால்.

நிறத்தில் ஒரு தவறு அடிக்கடி நடக்கும். சிவந்த பகுதியைப் பார்த்ததும் "இங்கேதான் அதிகம் சூடு பட்டிருக்கிறது" என்பார்கள். சிவப்பு என்றால் இரும்பு ஆக்ஸிஜனோடு சேர்ந்திருக்கிறது, அவ்வளவே. எரிமலை வாயருகே நீராவியும் காற்றும் சூடான பாறையில் பட்டதால் வந்திருக்கலாம். பிற்காலத்தில் மழையும் வெயிலும் பட்டும் வரலாம். நிறத்தை எல்லை பிரிக்க மட்டும் பயன்படுத்துங்கள், காரணத்தை அதிலிருந்து ஊகிக்க வேண்டாம்.

## 4. மேற்பரப்பு எந்த வகை?

இப்போது ஓட்டத்தின் மேல் ஏறலாம். மூன்று வகைகளைப் பிரிக்கத் தெரிந்தால் போதும்.

பஹோய்ஹோய்: தொடர்ச்சியான தோல். வழவழப்பாகவோ கயிறு கயிறாகவோ இருக்கும். புதிதாக இருந்தால் வெள்ளி போல மின்னும்.

ஆஆ: முள்முள்ளான சிட்டக் கட்டிகளின் குவியல். கையளவு முதல் தலையளவு வரை, ஒவ்வொன்றும் சொரசொரப்பாக, கிழிந்த விளிம்புகளோடு இருக்கும்.

கட்டி லாவா: இதுவும் உடைந்த குவியல்தான், ஆனால் ஒவ்வொரு கட்டியும் மழுங்காத மூலைகளும் ஓரளவு தட்டையான முகங்களும் கொண்டது. பெரும்பாலும் ஆண்டிசைட் போன்ற, சிலிக்கா அதிகமான, கெட்டியான குழம்பு தருவது.

முதல் இரண்டும் ஒரே பசால்ட் குழம்பிலிருந்தே வரலாம் என்பதுதான் பலருக்கு நம்பக் கடினமான விஷயம். வாயிலிருந்து சுமார் 1100 முதல் 1200 டிகிரி செல்சியஸில் வெளியேறும் குழம்பு, போகப்போக வெப்பத்தையும் வாயுவையும் இழக்கிறது, உள்ளே படிகங்கள் முளைக்கின்றன, பாகுத்தன்மை கூடுகிறது. அந்த நிலையில் செங்குத்தான சரிவு இழுத்தால் தோல் வளைந்து கொடுக்காமல் கிழிகிறது. அப்படித்தான் பஹோய்ஹோய் ஆஆவாக மாறுகிறது. ஒரே ஓட்டத்தில் மேலிருந்து கீழே நடந்தால் இந்த மாற்றத்தைக் காலடியிலேயே பார்க்கலாம். மாறாக, ஆஆவாகக் கிழிந்த குழம்பு மறுபடி வழவழப்பான தோலாவது மிக அரிது. எனவே மாறும் இடத்தைக் கண்டுபிடித்தால் எது மேல்பக்கம் என்பதும் கிடைத்துவிடுகிறது.

இங்கே நடக்கும் பெரிய பிழை: உடைந்து கிடப்பதையெல்லாம் ஆஆ என்று எழுதுவது. பஹோய்ஹோய் தோல் பாளம் பாளமாக உடைந்து, ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்தும் கிடக்கலாம். ஒரு பாளத்தின் மேல்பக்கத்தைப் பாருங்கள். வழவழப்போ கயிற்று மடிப்போ மிச்சமிருந்தால் அது ஆஆ அல்ல.

ஆஆ ஓட்டத்தின் வெட்டுமுகம் கிடைத்தால் தவறவிடாதீர்கள். மேலே சிட்டம், நடுவில் கெட்டியான பாறை, அடியிலும் சிட்டம். முன்னால் போகும் ஓட்டம் தன் மேலுள்ள சிட்டத்தை முகப்பில் கொட்டி, அதன் மேலேயே ஏறிப் போனதால் வந்த அமைப்பு இது. நடுவிலுள்ள கெட்டிப் பகுதிதான் கடைசிவரை நகர்ந்த குழம்பு.

## 5. ஓட்டத் திசையைக் குறியுங்கள்

கயிற்று மடிப்பு எப்படி உருவாகிறது என்று முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். மேல்தோல் ஆறி, ஆனால் இன்னும் வளையும் நிலையில் இருக்கிறது. அடியில் குழம்பு ஓடிக்கொண்டே இருக்கிறது. முன்னால் ஏதோ தடுக்கிறது, இல்லையேல் சரிவு குறைகிறது. பின்னாலிருந்து வரும் தோல் நெருக்கப்பட்டு மடிகிறது. ஓரங்களில் உரசல் அதிகம், நடுப்பகுதி வேகம். அதனால் மடிப்பு வில்லாக வளைகிறது. வில்லின் புடைத்த பக்கம் ஓட்டம் போன திசையைக் காட்டும்.

அருகில் குனிந்து ஒரே ஒரு மடிப்புக் கற்றையை நிதானமாகப் பாருங்கள். பெரிய மடிப்பின் முதுகில் இன்னும் சிறிய மடிப்புகள் ஓடும். தோல் மெல்லியதாக இருந்தபோது முதலில் வந்தவை சிறியவை. தோல் தடித்த பிறகு அவற்றையும் சேர்த்து மடித்தவை பெரியவை. லென்ஸை வைத்தால் மடிப்பின் முதுகில் நீளவாக்கில் இழுபட்ட மெல்லிய கோடுகளும், நுனி உடைந்த குமிழிகளும் தெரியும். தோல் எவ்வளவு நேரம் இளகி இருந்தது என்பதற்கான தடயங்கள் இவை. ஐந்து நிமிடம் இங்கே செலவழிப்பது வீண் அல்ல.

சரி, ஒரு மடிப்பு வடக்கே காட்டுகிறது. உடனே "ஓட்டம் வடக்கே" என்று எழுதிவிடலாமா? கூடாது. பஹோய்ஹோய் விரல் விரலாகப் பிதுங்கி முன்னேறும். ஒரு விரல் பக்கவாட்டில் போகும், இன்னொன்று பள்ளத்தைத் தேடிப் பின்னோக்கிக்கூட வளையும். ஆகவே பரந்த இடத்தில் பல மடிப்புகளை அளந்து, ஒவ்வொன்றுக்கும் வரைபடத்தில் ஓர் அம்புக்குறி போடுங்கள். அம்புகள் கூட்டமாகக் காட்டும் திசைதான் ஓட்டத்தின் திசை. தனியாக விலகி நிற்கும் அம்பை அழிக்காதீர்கள், அங்கே ஒரு பக்கக் கிளை பிரிந்திருக்கிறது என்று குறித்துவையுங்கள்.

சரிபார்க்க வேறு சாட்சிகளும் உண்டு. ஓட்டத்தின் அடிப்பகுதி தெரியும் இடங்களில் பென்சில் தடிமனில் செங்குத்தான குழாய் போன்ற துளைகள் இருக்கலாம். அவற்றின் மேல்நுனி ஓட்டத் திசைக்குச் சாய்ந்திருக்கும். காட்டுக்குள் புகுந்த லாவாவில் மரங்களின் அச்சு நிற்கும். மரம் எரிந்துபோய், அதைச் சுற்றி உறைந்த லாவா மட்டும் நிற்பது. ஹவாயின் புனா பகுதியில் 1790-ல் ஓடிய லாவா விட்டுப்போன இத்தகைய மர அச்சுகள் இன்றும் நிற்கின்றன. மரத்தில் மோதிய பக்கத்தில் லாவா உயரமாக ஏறியிருக்கும், அதுவே ஓட்டம் வந்த பக்கம். அச்சின் உள்ளே டார்ச் அடித்தால் எரிந்த மரக்கரியின் கட்டம் கட்டமான வெடிப்பு பதிந்திருப்பதையும் சில சமயம் பார்க்கலாம்.

## 6. மேடும் பள்ளமும்: ஊதிப் பெருகியதா, இடிந்து விழுந்ததா?

இந்தப் படியில்தான் அனுபவமுள்ளவர்களும் தடுமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பஹோய்ஹோய் ஓட்டம் முதலில் முழங்கால் உயரம்கூட இல்லாமல் பரவலாம். மேலோடு உறைந்த பிறகு அடியில் புதுக்குழம்பு நுழைந்துகொண்டே இருக்கும். வெளியே வழி இல்லாததால் மேலோட்டையே தூக்கும். இப்படி ஒரு தட்டையான ஓட்டம் நாள் கணக்கில், வாரக் கணக்கில் பல மீட்டர் உயர்ந்துவிடும். சில இடங்களில் மேலோடு கூரை மேடாகப் புடைத்து, முதுகு நீளவாக்கில் பிளக்கிறது.

அந்த மேட்டை அடையாளம் காண்பது எளிது. சாய்ந்த பாளங்களின் மேல் உள்ள கயிற்று மடிப்புகளைப் பாருங்கள். இவ்வளவு செங்குத்தான சரிவில் குழம்பு நின்று மடிந்திருக்க முடியாது, வழிந்து ஓடியிருக்கும். அப்படியானால் மடிப்பு வந்தபோது தரை தட்டையாக இருந்தது, சாய்வு பிறகு வந்தது. நேரத்தின் வரிசையே கையில் கிடைத்துவிட்டது.

பிளவுக்குள் எட்டிப் பாருங்கள். இரு சுவர்களிலும் கிடைமட்டமாகப் பட்டை பட்டையாகக் கோடுகள் இருக்கும். மேலோடு தடிக்கத் தடிக்கப் பிளவு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிய தடங்கள் அவை. பிளவின் ஆழத்திலிருந்து மேலோட்டின் தடிமனை மதிப்பிடலாம், தடிமனிலிருந்து காலத்தையும் மதிப்பிடலாம். கிலாவேயாவில் ஓடும் லாவாவிலேயே அளந்து பார்த்ததில், மேலோடு 1 மீட்டர் தடிக்கச் சுமார் 1 வாரம் ஆகிறது. 2 மீட்டருக்கு 2 வாரம் அல்ல, 4 வாரம். ஏனெனில் வெப்பம் தடித்த மேலோட்டைக் கடந்துதான் வெளியேற வேண்டும், தடிமன் இரட்டிப்பானால் காலம் நான்கு மடங்காகும். ஒரு பிளவின் முன் நின்று, கீழே எத்தனை வாரங்களாகக் குழம்பு வந்துகொண்டிருந்தது என்று தோராயமாகச் சொல்ல முடிகிறது என்பது எனக்கு இன்றும் பெரிய விஷயமாகவே படுகிறது.

இப்போது பள்ளங்கள். வட்டப் பள்ளத்தைப் பார்த்ததும் "மேற்கூரை இடிந்து விழுந்திருக்கிறது" என்று எழுதுவதுதான் வழக்கமான பிழை. சுற்றிலும் உள்ள தரை ஊதி உயர்ந்து, நடுவில் ஓரிடம் மட்டும் உயராமல் விடுபட்டிருந்தாலும் பள்ளம் வரும். பிரிப்பது எப்படி? பள்ளத்தின் தரையைப் பாருங்கள். இடிந்த பள்ளத்தில் கூரையின் பாளங்கள் தாறுமாறாகக் குவிந்திருக்கும். உயராத பள்ளத்தில் தரை உடையாமல், பழைய மேற்பரப்பாகவோ மெல்லிய லாவாத் தோலாகவோ கிடக்கும், சுவர்கள்தான் பள்ளத்தை நோக்கிச் சாய்ந்து பிளந்திருக்கும்.

பாதுகாப்புக் குறிப்பு ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எரிமலை வாய்க்கு அருகில், வாயு மிகுந்த குழம்பு உறைந்த இடங்களில், சில சென்டிமீட்டர் தடிமனே உள்ள ஓட்டுக்குக் கீழே வெற்றிடம் இருக்கும். மிதித்தால் நொறுங்கும். காலடிச் சத்தம் பொள்ளலாகக் கேட்டால் வந்த வழியே திரும்புங்கள்.

## 7. உடைந்த முகத்தில் குமிழித் துளைகள்

ஓர் ஓட்டம் மேலிருந்து கீழ்வரை வெட்டுப்பட்ட இடம் கிடைத்தால், மேலிருந்து கீழாகப் பாருங்கள். ஊதிப் பெருகிய பஹோய்ஹோயில் மேல்பகுதி முழுக்கத் துளைகள், நடுவில் துளையற்ற கெட்டிப் பாறை, அடியில் மறுபடி மெல்லியதாக ஒரு துளைப் படலம். குமிழிகள் மேலே எழும்பும், கீழே இறங்கிவரும் மேலோட்டில் சிக்கிக்கொள்ளும். அடியில் இருப்பவை தப்பிக்க நேரமில்லாமல் உறைந்தவை. பழைய பாறையில் ஓட்டங்களின் எண்ணிக்கையைக் கணக்கிட இந்த வரிசைதான் வழி: துளைகள், கெட்டி, துளைகள் என்று ஒரு சுற்று முடிந்தால் ஓர் ஓட்டம்.

மேல்தோலின் உடைந்த விளிம்பைக் கைலென்ஸில் பாருங்கள். வெளியே சில மில்லிமீட்டருக்குக் கறுப்புக் கண்ணாடி, அதற்கு உள்ளே மங்கலான பாறை. காற்று பட்ட நொடியில் படிகமாக நேரமில்லாமல் உறைந்த பகுதி அந்தக் கண்ணாடி. சில துண்டுகளில் தேன்பச்சை நிற ஒலிவின் தாது மணிகளும் தெரியும். அவை குழம்பு வெளியே வருவதற்கு முன்பே வளர்ந்தவை.

எல்லாத் துளையும் குமிழி அல்ல. படிகம் கழன்று விழுந்த குழியும் துளை போலவே இருக்கும். குமிழிச் சுவர் உருண்டு வழவழப்பாக இருக்கும், படிகக் குழியில் நேரான பக்கங்களும் மூலைகளும் தெரியும். பழைய லாவாவில் குமிழித் துளைகள் வெள்ளை, பச்சைத் தாதுக்களால் நிரம்பியிருக்கும். தக்காண லாவாவில் சியோலைட், கால்சைட், குவார்ட்ஸ் நிரப்பிய துளைகள் ஏராளம். பாறைக்குள் பின்னால் ஊடுருவிய நீர் விட்டுச் சென்றவை அவை, லாவா ஓடியபோது இருந்தவை அல்ல.

## 8. தூண்களைப் படிப்பது

ஆறும்போது பாறை சுருங்குகிறது. பக்கவாட்டில் சுருங்க இடமில்லாததால் வெடிக்கிறது. வற்றிய ஏரியில் சேறு கட்டம் கட்டமாக வெடிப்பதும் இப்படித்தான். ஆனால் லாவாவில் வெடிப்பு மேற்பரப்பில் நின்றுவிடுவதில்லை. உறையும் எல்லை உள்ளே போகப் போக வெடிப்பும் பின்தொடர்ந்து போகிறது. கட்டங்கள் நீண்டு தூண்களாகின்றன.

இதிலிருந்து வரும் விதி ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: தூண்கள் ஆறும் பரப்புக்குச் செங்குத்தாக நிற்கும். தட்டையான தரையில் பரவிய லாவாவில் தூண்கள் நேராக நிற்கும். பள்ளத்தாக்கை நிரப்பிய லாவாவில் சுவரோரத் தூண்கள் சாய்ந்து, விசிறியாக விரியும். ஆகவே சாய்ந்த தூணைப் பார்த்ததும் "நிலம் சாய்ந்துவிட்டது" என்று சொல்லாதீர்கள். முதலில் அருகிலுள்ள ஆறிய பரப்பைத் தேடுங்கள்.

ஒரே ஓட்டத்தில் அடியில் தடித்த, ஒழுங்கான தூண்களும் அவற்றின் மேல் மெலிந்த, கோணல் மாணலான தூண்களும் இருப்பது சாதாரணம். மெதுவாக ஆறினால் தூண் தடிக்கும், வேகமாக ஆறினால் மெலியும். மேற்பகுதியின் கோணல் தூண்களுக்குப் பெரும்பாலும் மேலிருந்து வெடிப்புகள் வழியே இறங்கிய நீர்தான் காரணம். ஆறு திசை மாறி லாவா மேல் ஓடியிருக்கலாம், ஏரி நிரம்பியிருக்கலாம்.

பக்கவாட்டு முகத்தில் கையை வைத்துத் தடவிப் பாருங்கள். குறுக்கே பட்டை பட்டையாக மேடுபள்ளம் தட்டுப்படும். வெடிப்பு ஒரே மூச்சில் ஓடவில்லை, கொஞ்சம் தாவி, நின்று, மறுபடி தாவியது. ஒவ்வொரு பட்டையும் ஒரு தாவல். பட்டை குறுகலாக இருந்தால் அங்கே ஆறிய வேகம் அதிகம். தூணின் கீழிருந்து மேல்வரை பட்டையின் அகலத்தை அளந்து எழுதினால் ஆறிய வேகம் எங்கே மாறியது என்று தெரிந்துவிடும். தூண்பாறைக்குப் போகிறவர்களில் மிகச் சிலரே இதைக் கவனிக்கிறார்கள்.

அறுகோணம் மட்டும்தான் வரும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஜயன்ட்ஸ் காஸ்வேயின் சுமார் 40,000 தூண்களில் அறுகோணம் அதிகம், ஆனால் ஐந்து, ஏழு பக்கங்களும் தாராளமாக உண்டு. எண்ணிப் பாருங்கள். கலிஃபோர்னியாவின் டெவில்ஸ் போஸ்ட்பைலில் பனியாறு தூண்களின் தலையைத் தேய்த்துத் தளமாக்கியிருப்பதால் எண்ணுவது சுலபம்.

இரண்டு தவறான முடிவுகள் வழக்கமாக வரும். ஒன்று, தூணைப் பெரிய படிகம் என்று நினைப்பது. படிகத்தின் கோணங்கள் எப்போதும் ஒன்றே, தூணின் கோணங்கள் தூணுக்குத் தூண் மாறும். மற்றொன்று, தூண் என்றால் பசால்ட் என்று எழுதிவிடுவது. மும்பை அந்தேரியின் கில்பர்ட் மலை பசால்ட்தான். ஆனால் கர்நாடகத்தின் மால்பே கடலுக்கு அப்பாலுள்ள செயின்ட் மேரிஸ் தீவுகளின் தூண்கள் சிலிக்கா மிகுந்த ரையோலைட் வகைப் பாறை. வடிவம் ஆறிய விதத்தைச் சொல்லும், பாறையின் வகையைச் சொல்லாது.

## 9. நீருக்குள் ஆறியதா என்று பாருங்கள்

நீருக்குள் பிதுங்கும் லாவா நொடியில் தோல் கட்டி, உருண்டை உருண்டையாக அடுக்கிக்கொள்ளும். தலையணை லாவா என்பது இதுதான். கடலடியில் இதுவே மிகச் சாதாரணமான வடிவம். வெட்டுமுகத்தில் மூன்று அடையாளங்களைத் தேடுங்கள்: சுற்றிலும் கண்ணாடித்தன்மையுள்ள கருமையான விளிம்பு, நடுவை நோக்கி ஓடும் வெடிப்புகள், அடியில் கூர்மையாக நீளும் வால். கீழே ஏற்கனவே கிடக்கும் இரு உருண்டைகளின் இடுக்கில் மேலுள்ளது தொய்ந்து இறங்கியதால் வரும் வால் அது. மலைகள் புரண்டு கிடக்கும் பழைய நிலங்களில் எது மேல், எது கீழ் என்று சொல்ல அந்த வாலைத்தான் பார்க்கிறார்கள். கர்நாடகத்தின் சித்ரதுர்கா அருகே மாரடிஹள்ளியில் மிகப் பழைய தலையணை லாவா தேசியப் புவியியல் சின்னமாகப் பாதுகாக்கப்படுகிறது.

பசால்ட் மட்கும்போதும் உருண்டைகள் வரும். நேரான வெடிப்புகளுக்கு இடையே நீர் புகுந்து, மூலைகளை முதலில் அரித்து, தோல் தோலாக உரித்து, நடுவில் உருண்டையை விடும். இதைத் தலையணை என்று எழுதுபவர்கள் நிறையப் பேர். சோதனை எளிது. மட்கிய உருண்டையில் வெளித்தோல்தான் மிருதுவாக, துருநிறத்தில் இருக்கும். நடு உறுதியாக இருக்கும். கண்ணாடி விளிம்பு இருக்காது. தலையணைகள் ஒன்றின் வளைவுக்கு ஏற்ப மற்றொன்று வளைந்து பொருந்தியிருக்கும். மட்கியவை கட்டம் போட்ட வெடிப்பு வரிசையில் நிற்கும்.

## 10. லாவா குகைக்குள் போவதானால்

உறைந்த கூரைக்கு அடியில் குழம்பு ஓடி வடிந்த குழாய்தான் லாவா குகை. திறந்துவிடப்பட்ட குகைக்கு மட்டும் போங்கள். தனியாக வேண்டாம். தலைக்கவசமும் ஒவ்வொருவருக்கும் மூன்று விளக்குகளும் வேண்டும். கும்மிருட்டில் ஒரு விளக்கு அணைந்து, மாற்று விளக்கும் பழுதானால் நகரவே முடியாது.

முதலில் கூரை: கழன்று நிற்கும் பாளம் இருக்கிறதா? அடுத்து சுவர்: கிடைமட்டக் கோடுகளும் திண்ணை போன்ற விளிம்புகளும் குழம்பு எந்தெந்த உயரத்தில் நின்று ஓடியது என்று காட்டும். கடைசியாகத் தரை: அதுதான் கடைசி ஓட்டம். கயிறா, சிட்டமா என்று பாருங்கள். ஹவாயின் காசுமுரா குகை 60 கிலோமீட்டருக்கும் மேல் நீளம். கூரையிட்ட குழாய்க்குள் குழம்பு மிகக் குறைந்த வெப்பத்தையே இழப்பதால்தான் அவ்வளவு தூரம் இளகிய நிலையிலேயே போக முடிகிறது.

கூரையில் தொங்கும் லாவாச் சொட்டுகளைத் தொடாதீர்கள். சுண்ணாம்புக் குகையில் நீர் சொட்டி வளர்வது போன்றவை அல்ல இவை. குகை சூடாக இருந்த குறுகிய காலத்தில் உருவாகி முடிந்துவிட்டன. உடைந்தால் திரும்ப வளராது.

## 11. எரிமலை வாயருகே

இங்கே காற்றில் பறந்து விழுந்த வடிவங்கள் இருக்கும். இளகிய நிலையில் விழுந்தது தரையில் அப்பிக்கொள்ளும். பறக்கும்போதே உறைந்தது இரு முனையும் கூர்ந்து முறுக்கிக் கிடக்கும். வெளியே உறைந்தும் உள்ளே வாயு விரிந்துகொண்டும் இருந்தது ஓடு வெடித்துக் கிடக்கும். பாறை இடுக்குகளில் பொன்னிற இழைகள் தெரிந்தால் கை வைக்காதீர்கள், ஊதவும் வேண்டாம். ஹவாயின் எரிமலைத் தெய்வத்தின் பெயரால் பேலேயின் முடி எனப்படும் இவை சுத்தமான கண்ணாடி இழைகள், கண்ணிலும் மூச்சிலும் போனால் ஆபத்து.

## 12. எழுதும் முறை

ஒவ்வொரு இடத்துக்கும் இந்த வரிசையில் எழுதுங்கள்: இடம், பரப்பின் வகை, அளவு, நீளும் திசை, ஓட்டம் போனதாகக் காட்டும் பக்கம், வெப்பம் வெளியேறியதாகக் காட்டும் பக்கம். பெயருக்கு ஒரு வரியைக் காலியாக விட்டுவையுங்கள். நாள் முடிவில், எல்லா இடங்களையும் வரைபடத்தில் குறித்த பிறகு அந்த வரியை நிரப்புங்கள். காலையில் ஆஆ என்று எழுதத் தோன்றிய பல இடங்கள் மாலையில் வேறு பெயர் பெறும்.

படத்துக்கு மூன்று: தூரத்தில் ஒன்று, நின்ற உயரத்தில் ஒன்று, அளவுகோல் வைத்து அருகில் ஒன்று. அளவுகோலை எப்போதும் வடக்கு நோக்கி வைக்கும் பழக்கம் இருந்தால் திசையும் படத்திலேயே பதிந்துவிடும். லாவாவின் வடிவங்கள் விரலளவிலும் வீட்டளவிலும் ஒரே தோற்றத்தில் வரும். அளவுகோல் இல்லாத படத்தை எடுத்தவருக்கே சில வாரத்தில் எது எந்த அளவு என்று சொல்ல முடியாமல் போகும்.

கோட்டோவியத்தையும் விடாதீர்கள். கேமரா நிழலையும் பாறையையும் ஒன்றுபோலப் பதியும். கையால் வரையும்போது எது வெடிப்பு, எது மடிப்பு என்று ஒவ்வொரு கோட்டுக்கும் முடிவெடுத்தாக வேண்டும். முடிவெடுக்க முடியாத கோட்டின் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவைத்து, மறுமுறை போகும்போது நேராக அந்த இடத்துக்குப் போங்கள்.